பனி கரைந்ததும் புல் பாய் போலச் சுருண்டு வருகிறது, என்ன செய்யலாம்?

ஒன்பதாம் லைன்
ஏப்ரல் 12

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்கிற ஊரில் வீடு வாங்கி இது மூன்றாவது வசந்தம். பனி கரைந்த பிறகு முன்பக்கப் புல்லைப் பார்த்தால் மனசே சரியில்லை. நடுவில் இரண்டு பாய் அகலத்துக்குச் செத்து வைக்கோல் நிறத்தில் கிடக்கிறது. ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் அப்படியே சுருண்டு வருகிறது, அடியில் வேர் என்று ஒன்றுமே இல்லை. நேற்று ராத்திரி ரக்கூனோ ஸ்கங்கோ, இங்கே ராத்திரியில் திரியும் பிராணி ஏதோ ஒன்று வந்து மிச்சத்தையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

போன வருஷம் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். முன்னும் பின்னும் சேர்த்து 150 சதுர மீட்டர் இருக்கும். மே மாதம் உரம் போட்டேன், ஜூனிலிருந்து தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் தண்ணீர் விட்டேன், ஜூலையில் பழுப்பாகிப் போனதும் சத்துக் குறைவு என்று நினைத்து இன்னொரு தடவை உரம் போட்டேன், அது கோடு கோடாகக் கருகியது. செப்டம்பருக்குப் பிறகு ஒன்றும் செய்யவில்லை. குளிர் வரப்போகிறது, இனி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இந்த வாரக் கடைசியில் போடுவதற்காக களை முளைக்காமல் தடுக்கும் கார்ன் குளூட்டன் இரண்டு மூட்டை, புல் விதை ஒரு பை, சுண்ணாம்பு ஒரு பை வாங்கி கராஜில் வைத்திருக்கிறேன். எதை முதலில் போட வேண்டும்? ஊரில் வாசலில் ஒரு புல் முளைத்தாலும் அம்மா பிடுங்கிவிடுவார், புல் முளைத்த வாசல் ஆள் இல்லாத வீட்டு வாசல் என்பார். வளர்ப்பது எப்படி என்று எனக்குச் சொல்லித்தர வீட்டில் யாரும் இல்லை.

பின்வளவு
ஏப்ரல் 12

தம்பி, ஒன்றையும் இப்போது போடாதேங்கோ. நான் ஸ்காபரோவில் முப்பது வருஷமாக இருக்கிறேன், அதில் பதினாறு வருஷம் லாண்ட்ஸ்கேப்பிங், அதாவது வீடுகளின் புல்லையும் தோட்டத்தையும் பராமரிக்கிற வேலை. நீங்கள் எழுதியதை வாசித்தால் பாதிச் சனம் செய்கிற பிழையைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள், மனம் நோக வேண்டாம். இங்கே எல்லாரும் மே மாதத்தில் காசைக் கொட்டுகிறார்கள், செப்டம்பரில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். இந்த ஊர்ப் புல்லுக்கு அது தலைகீழ்.

முதலில் பாயாகக் கழன்று வந்த இடத்தைப் பாருங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக வெட்டி, இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு மண்ணைக் கிளறி, வெள்ளைப் புழு எத்தனை இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். வேர் இல்லை, ரக்கூன் வருகிறது என்றால் பெரும்பாலும் அதுதான். ரக்கூன் புல்லைக் கெடுக்க வரவில்லை, சாப்பாடு தேடி வருகிறது. கிழங்கு தோண்டினது மாதிரிச் சின்னச் சின்னக் குழி என்றால் ஸ்கங்க், பாயைப் புரட்டிப் போட்டது மாதிரி என்றால் ரக்கூன்.

இரண்டாவது, கார்ன் குளூட்டனையும் விதையையும் ஒன்றாகப் போடவே கூடாது. மக்காச்சோள மாவு ஆலையில் மிஞ்சுகிற சாமான் அது. முளைக்கிற விதையின் வேரை ஓட விடாமல் தடுக்கும், அதுதான் அதன் வேலை. அமெரிக்காவில் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புல்லைப் பற்றிய வேறொரு ஆராய்ச்சியின்போது தற்செயலாகக் கண்டுபிடித்தது. களை விதை, புல் விதை என்று அதற்கு வித்தியாசம் தெரியாது. நீங்கள் வாங்கின விதையை நீங்கள் வாங்கின குளூட்டனே சாகடிக்கும்.

மூன்றாவது, சுண்ணாம்பைத் திருப்பிக் கொடுங்கள். தென் ஒன்ராறியோவில் பெரும்பாலான இடங்களில் அடியில் இருப்பதே சுண்ணாம்புக் கல், மண் ஏற்கெனவே காரம். புளித்த, அதாவது அமிலம் கூடின மண்ணுக்குப் போடுகிற சாமானை இங்கே எதற்குப் போட வேண்டும்?

புல்லுக்கு மேல் நடந்து பாருங்கள். குதிகால் அழுந்தினால் இன்னும் மண் காயவில்லை. அந்த நேரத்தில் நடப்பதும் வாருவதும் களிமண்ணைச் சிமெந்து ஆக்கிவிடும். கையை வைக்காமல் காய விடுங்கள்.

கோவைக்கிளி
ஏப்ரல் 13

நான் பிராம்டனில் இருக்கிறேன். பின்வளவு ஐயா சொல்லும் வெள்ளைப் புழு, நம்ம ஊரில் நிலக்கடலையிலும் கரும்பிலும் வரும் வேர்ப்புழுவுக்குச் சொந்தக்காரன்தான். எங்கள் தாத்தா தோட்டத்தில் கடலைச் செடி வாடி நின்று, இழுத்தால் கையோடு வரும், கீழே ஆணிவேர் அறுந்திருக்கும். வண்டு முட்டையிட்டு வருகிற புழு. இங்கே வருவது ஐரோப்பிய சேஃபர் என்கிற வண்டும் ஜப்பான் வண்டும். ஜூலை வாக்கில் ரோஜா இலையைச் சல்லடையாக்கும் பச்சை உடம்பு, செம்பு நிற முதுகு வண்டைப் பார்த்திருப்பீர்கள், அதன் பிள்ளைதான் உங்கள் புல் வேரைத் தின்கிறது.

ஒன்பதாம் லைன்
ஏப்ரல் 15

எண்ணிவிட்டேன். ஒரு சதுர அடியில் 14. இன்னொரு இடத்தில் 11. பச்சையாக இருக்கும் ஓரத்தில் 3. விரல் நுனி அளவு, பால் வெள்ளை, பழுப்புத் தலை, வளைந்து கிடக்கிறது. வால் பக்கம் தோலுக்குள்ளே கறுப்பாக மண் தெரிகிறது. புரட்டிப் போட்ட இடத்தில் ஒரு ராபின் பறவை பத்தடி தள்ளி நின்று நான் நகரக் காத்திருந்தது, நகர்ந்ததும் வந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டது.

இப்போதே மருந்து போட்டு முடித்துவிடலாமா? வெள்ளைப் புழுவைக் கொல்லும் நூற்புழு (நெமட்டோட்) என்று ஒன்று கடையில் விற்கிறார்களே?

அஜாக்ஸ் அக்கா
ஏப்ரல் 15

தம்பி, இப்ப வேண்டாம். நான் இதில் இரண்டு வருஷம் காசைத் தொலைத்துத்தான் கற்றுக்கொண்டேன். வசந்தத்தில் இருக்கிற புழு கொழுத்து வளர்ந்தது, இன்னும் கொஞ்ச நாளில் தின்பதை நிறுத்திக் கூட்டுப்புழுவாகிவிடும், நூற்புழு அதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. மண்ணும் இன்னும் குளிர். வண்டு கோடையில் பறந்து முட்டையிடும், ஆகஸ்ட் கடைசியில் சின்னக் குஞ்சுப் புழு மேல் மண்ணில் வேர் கடிக்கத் தொடங்கும். அந்த நேரம்தான்.

முதல் வருஷம் மே மாதம் போட்டேன், வீண். இரண்டாம் வருஷம் சரியாக ஆகஸ்டில் வாங்கினேன், ஆனால் கடையில் குளிர்பெட்டிக்கு வெளியே தட்டில் வைத்திருந்த பெட்டியை எடுத்து வந்து, நல்ல வெயிலில், காய்ந்த புல்லில் அடித்தேன். நூற்புழு உயிருள்ள சாமான், வெயில் பட்டால் செத்துவிடும். அதுவும் வீண். மூன்றாம் வருஷம் ஒழுங்காகச் செய்தேன், எப்படி என்று ஆகஸ்டில் எழுதுகிறேன். இப்ப எழுதினால் மறந்துவிடுவீர்கள்.

செத்த இடத்துக்கு இப்ப என்ன என்றால், வாரி எடுத்துவிட்டு ரை என்கிற புல்லின் விதை கொஞ்சம் போட்டு மூடி வையுங்கள், வெறும் மண்ணாக விட்டால் களை வந்து குடியேறும். குளூட்டனை அந்த இடத்தில் போடாதீர்கள்.

மண்வெட்டி
ஏப்ரல் 16

இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. எல்லை தாண்டி அமெரிக்காவில் பஃபலோவுக்கு ஒரு நடை போனால் களைக்கும் புழுவுக்கும் சேர்த்து உரம் கலந்த மருந்து மூட்டையாகக் கிடைக்கும். ஒரு தடவை தூவினால் டேண்டிலயன் என்கிற மஞ்சள் பூக் களை ஒன்றும் இருக்காது. என் நண்பர் ஒவ்வொரு மே மாதமும் கொண்டுவருகிறார்.

பின்வளவு
ஏப்ரல் 16

அதைச் செய்யாதீர்கள், மற்றவர்களுக்கும் சொல்லாதீர்கள். 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோவில் வீட்டுப் புல்லுக்கு அழகுக்காக இரசாயனக் களைக்கொல்லி அடிப்பது தடை. அதற்கு முந்தைய வருஷங்களில் நான் அந்த மருந்தை முதுகில் சுமந்து அடித்தவன். அடித்த வீட்டில் சின்ன மஞ்சள் அறிவிப்புப் பலகையைக் குத்திவிட்டுப் போவோம், அடுத்த வீட்டுப் பிள்ளை அதைப் பிடுங்கி வைத்து விளையாடிக்கொண்டிருக்கும். பின்னேரம் வீட்டுக்கு வந்து உடுப்பைக் கழற்றிப் போட்டால் கராஜ் முழுக்க அந்த மணம் நிற்கும். தடை வந்த பிறகு வேலை கஷ்டமாகிவிட்டது என்று முறைப்பட்டவர்களில் நானும் ஒருவன், இப்போது அந்தத் தடைக்காக நன்றி சொல்கிறேன். வெறும் காலோடு பிள்ளைகள் ஓடுகிற இடம் அது.

மண்வெட்டி
ஏப்ரல் 16

சரி ஐயா, தடை என்று தெரியும், வீட்டுப் புல்லுக்கும் பொருந்தும் என்று தெரியாது. அப்போ டேண்டிலயனுக்கு என்னதான் வழி?

கோவைக்கிளி
ஏப்ரல் 17

இரும்புச் சத்து உள்ள களைக்கொல்லி இங்கே அனுமதிக்கப்பட்டதுதான், எல்லாக் கடையிலும் கிடைக்கும். அகன்ற இலை அதை அளவுக்கு மீறி உறிஞ்சிக் கறுத்துப்போகும், காலையில் அடித்தால் சாயங்காலமே தெரியும். புல்லுக்குப் பாதிப்பில்லை, கொஞ்சம் கரும்பச்சையாகும். ஆனால் டேண்டிலயனின் கிழங்கு மாதிரி வேர் உள்ளேயே இருப்பதால் திரும்பத் துளிர்க்கும், மூன்று நாலு வாரம் கழித்து இன்னொரு தடவை அடிக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: சிமெண்டிலோ இன்டர்லாக் கல்லிலோ பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நான் கவனிக்காமல் விட்டேன், நடைபாதைக் கல்லில் துருக்கறை இரண்டு வருஷமாகியும் போகவில்லை.

முன்பக்கம் சின்னது என்றால் நான் அடிப்பதே இல்லை. மழை பெய்த மறுநாள், நின்றபடியே காலால் அழுத்திப் பிடுங்கும் நீளக் கம்பி ஆயுதம் ஒன்று விற்கிறார்கள், அதோடு ஒரு மணி நேரம். மண் ஈரமாக இருந்தால் வேர் கேரட் மாதிரி முழுசாக வரும். பூ வெள்ளைப் பஞ்சாகும் முன் செய்ய வேண்டும், அது மட்டும்தான் கணக்கு.

ஒன்பதாம் லைன்
ஏப்ரல் 26

இப்போது மண் காய்ந்துவிட்டது, குதிகால் அழுந்தவில்லை. செத்ததை வாரிவிட்டு ரை விதை போட்டுவிட்டேன். மற்ற இடத்தில் கார்ன் குளூட்டன் போடலாமா, கூடவே வசந்தகால உரமும்?

பின்வளவு
ஏப்ரல் 26

உங்கள் தெருவில் ஃபோர்சித்தியாச் செடி மஞ்சளாகப் பூத்துவிட்டதா பாருங்கள். இலை வருமுன் மஞ்சளாகப் பூக்கிற புதர். அது பூக்கும்போது போட வேண்டும், பூ உதிர்ந்து முடிந்தால் கிராப்கிராஸ் என்கிற களைப்புல்லின் விதை முளைத்துவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பிறகு பிரயோசனமில்லை. போட்டதும் நனைக்க வேண்டும், பிறகு இரண்டொரு நாள் காய விட வேண்டும். முளைத்த விதை வேர் இல்லாமல், மண் அப்படிக் காய்வதில்தான் சாகும். விடாமல் மழை பெய்தால் தப்பிவிடும்.

உரம் சேர்த்துப் போடாதீர்கள். கணக்குப் பாருங்கள்: குளூட்டனில் 100க்கு 9 பங்கு தழைச்சத்து. களையைத் தடுக்கிற அளவுக்குப் போடுவதென்றால் 100 சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ. அப்படியென்றால் 900 கிராம் தழைச்சத்து அதிலேயே போகிறது. ஒரு தடவைக்குப் புல்லுக்குப் போதுமானது அரைக் கிலோதான். அது மெதுவாக விடுகிற சத்து என்பதால் கருகாது, ஆனால் அதற்கு மேலே வேறு உரத்தையும் போட்டால் புல் சப்பாத்து மறைகிற உயரத்துக்கு எழும்பும், வேர் இறங்காது, ஜூலையில் முதலில் விழுவதும் அதுதான்.

புல் பராமரிக்கிற கம்பனி ஆள் வாசலுக்கு வந்து வருஷத்துக்கு ஐந்து தரம் ஆறு தரம் மருந்து போடுகிறோம் என்று சொன்னால், எந்த மாதம் எதைப் போடுவார்கள் என்று கேளுங்கள். அதில் செப்டம்பர் இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டாம்.

அஜாக்ஸ் அக்கா
மே 20

விக்டோரியா தின விடுமுறையில் எல்லாரும் புல் வெட்டுகிற சத்தம் கேட்கிறது, அதனால் எழுதுகிறேன். மெஷினின் உயரத்தை மூன்று அங்குலத்தில் வையுங்கள், அதற்குக் கீழே இறக்காதீர்கள். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. என் வீட்டுக்காரர் முதல் ஐந்து வருஷம் மொட்டை அடிக்கிற மாதிரி வெட்டுவார், ஒரு கிழமைக்கு வேலை மிச்சம் என்று. உயரமான புல்லின் நிழலில் கிராப்கிராஸ் அவ்வளவாக முளைக்காது, வேரும் ஆழமாகப் போகும். இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவு ஒரு சதம்கூட இல்லை.

பிளேட்டைத் தீட்டுங்கள். வெட்டின மறுநாள் குனிந்து ஒரு இதழைப் பாருங்கள், நுனி நேராக இருக்க வேண்டும். நார் நாராகக் கிழிந்து வெள்ளையாக இருந்தால் பிளேட் மழுங்கிவிட்டது, தூரத்திலிருந்து பார்த்தால் முழு லானும் நரைத்தது மாதிரித் தெரிவது அதனால்தான்.

வெட்டின புல்லை வாரிப் பையில் கட்டாதீர்கள். ரொறன்ரோவிலும் மார்க்கத்திலும் அதை எடுக்கவும் மாட்டார்கள். அப்படியே விட்டால் சில நாளில் மக்கி உரமாகிவிடும்.

ஒன்பதாம் லைன்
ஜூலை 18

பழையபடி பழுப்பாகிவிட்டது. இரண்டு வாரமாக மழை இல்லை, 32 டிகிரி. ரை போட்ட இடம் மட்டும் கொஞ்சம் பச்சை. ஊரில் வெயில் காலத்தில் தண்ணீர் விட்டால் அறுகு எப்படித் தழைக்கும், இங்கே தண்ணீர் விட்டும் ஏன் இப்படி?

பின்வளவு
ஜூலை 18

தம்பி, இதுதான் எங்கள் ஆட்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம், நானும் விழுந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஊரில் வளர்கிற அறுகு வெப்ப தேசத்துப் புல். வெயில் ஏற ஏற அதற்குக் கொண்டாட்டம், குளிர் பட்டால் படுத்துவிடும். இங்கே நாங்கள் விரித்து வைத்திருக்கிறதெல்லாம் குளிர் தேசத்துப் புல்: கென்டக்கி ப்ளூகிராஸ், ரை, ஃபெஸ்க்யூ. இவை நன்றாக வளர்கிற சூடு 15 முதல் 24 டிகிரி வரை. அதாவது மே, ஜூன் தொடக்கம், பிறகு செப்டம்பர், ஒக்ரோபர். இந்தப் புல்லுக்கு ஜூலை என்பது எங்களுக்கு ஜனவரி மாதிரி, உள்ளே போய் மூடிக்கொண்டு படுக்கிற காலம். நாங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளியே போவதற்கு முன்னும், கோட்டைக் கழற்றிய பின்னும் உள்ள நாட்கள்தான் அதற்கு நல்ல நாள். எங்கள் உடம்புக்கு நல்ல நாளில் புல்லைக் கவனிக்கப் போகிறோம், அதற்கு நல்ல நாளில் உள்ளே போய்விடுகிறோம்.

பழுப்பு என்றால் செத்தது என்று நினைக்க வேண்டாம். ஒரு கொத்தைப் பிடித்து மெதுவாக இழுங்கள். கழன்று வந்தால் புழு. பிடித்துக்கொண்டு நின்றால் நித்திரை. அடியில் மண்ணோடு ஒட்டின குருத்து வெள்ளையாக, இறுக்கமாக இருந்தால் உயிர் இருக்கிறது. நாலு கிழமை, ஆறு கிழமை என்றாலும் ப்ளூகிராஸ் அப்படிக் கிடந்து எழும்பும். குருத்து காயாமலிருக்க இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை அரை அங்குலத் தண்ணீர் போதும்.

பச்சையாகவே வைத்திருக்க வேண்டுமென்றால் கிழமைக்கு ஒரு அங்குலம், அதையும் ஒரு தடவை அல்லது இரண்டு தடவையில், விடியற்காலையில். தினமும் பத்து நிமிஷம் என்றால் தண்ணீர் மேலே மட்டும் நனையும், வேரும் மேலேயே நிற்கும். ரியூனா மீன் தகரத்தைப் புல்லில் வைத்து ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிட்டு, ஒரு அங்குலம் நிரம்ப எத்தனை நிமிஷம் என்று ஒருமுறை பாருங்கள். என் வீட்டில் 50 நிமிஷம். பாதி நனைத்துப் பாதி விடுவதுதான் கூடாது. எழுப்புவதென்றால் எழுப்பி வைத்திருங்கள், இல்லாட்டி நித்திரை கொள்ள விடுங்கள். ஒரு கிழமை எழுப்பி மறு கிழமை காயப்போட்டால் சேமித்து வைத்த சத்தெல்லாம் போய்விடும்.

உரம் வேண்டவே வேண்டாம். போன வருஷம் கருகினது அதனால்தான்.

செங்கல்
ஜூலை 19

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு தண்ணீரும் உழைப்பும் எதற்கு? நான் என் வீட்டுப் பின்வளவில் பாதிப் புல்லை எடுத்துவிட்டுப் பயற்றங்காயும் கத்தரியும் பாகலும் வைத்தேன், மிச்சத்தில் வெள்ளை க்ளோவர் என்கிற மூவிலைச் செடி விதைத்தேன். பயறு மாதிரி அதுவும் காற்றிலிருந்து தழைச்சத்தை வேரில் பிடித்து வைக்கும், உரமே கேட்காது, இந்த வெயிலிலும் பச்சையாக நிற்கிறது.

அஜாக்ஸ் அக்கா
ஜூலை 19

நல்லதுதான், நானும் புல்லோடு கொஞ்சம் க்ளோவர் கலந்திருக்கிறேன். தேனீ நிறைய வரும், வெறும் காலோடு ஓடும் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் அதை நினைவில் வையுங்கள். க்ளோவரைப் பூக்க விடுகிறேன் என்று புல்லையும் உயர விட்டுவிடாதீர்கள். ரொறன்ரோவில் புல் 20 சென்றிமீற்றருக்கு மேல் போனால் மாநகராட்சியிலிருந்து கடிதம் வரும்.

அஜாக்ஸ் அக்கா
ஆகஸ்ட் 24

ஒன்பதாம் லைன் தம்பி, சொன்னபடி எழுதுகிறேன். இந்தக் கிழமையோ அடுத்த கிழமையோ.

குளிர்பெட்டியில் வைத்திருக்கிற கடையில் வாங்கி, திகதி பார்த்து, வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீஸரில் வேண்டாம். எத்தனை சதுர அடிக்கு என்று பெட்டியில் இருக்கும், கஞ்சத்தனம் வேண்டாம். முதல் நாளும் அன்றும் புல்லை நன்றாக நனைத்து வையுங்கள். வெயில் இறங்கின பிறகு, இல்லாட்டி மழை தூறுகிற நாளில், வாளித் தண்ணீரில் கரைத்து, குழாயில் மாட்டும் ஸ்பிரேயரின் வடிகட்டியைக் கழற்றிவிட்டு அடியுங்கள், வடிகட்டி இருந்தால் அடைத்துக்கொள்ளும். இடையிடையே குலுக்குங்கள், அடியில் தங்கிவிடும். அடித்ததும் திரும்ப நனைத்து, இரண்டு கிழமைக்கு மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை தண்ணீர்ப் படலத்தில் நீந்தித்தான் புழுவைத் தேடிப் போகும், காய்ந்த மண்ணில் நகர முடியாது.

ஒன்பதாம் லைன்
செப்டம்பர் 9

அக்கா, 26ஆம் தேதி சாயங்காலம் அடித்தேன். இன்று ஒரு மூலையில் தோண்டிப் பார்த்தேன். ஒரு சதுர அடியில் உயிரோடு 2. செத்தது 5, அவை வெள்ளையாக இல்லை, செங்கல் நிறத்தில் தளர்ந்து கிடக்கின்றன. அதுதானா?

அஜாக்ஸ் அக்கா
செப்டம்பர் 9

அதேதான்! நூற்புழு உள்ளே கொண்டுபோகும் பாக்டீரியாதான் அந்தச் செங்கல் நிறம். அந்த உடம்பை எடுத்தெறியாமல் மண்ணிலேயே புதைத்துவிடுங்கள், அதற்குள்ளிருந்து ஆயிரக்கணக்கில் புதிதாக வெளியே வரும்.

பின்வளவு
செப்டம்பர் 9

நல்ல செய்தி. இனிமேல்தான் உண்மையான வேலை, அடுத்த இரண்டு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். இப்போது மண் சூடு, காற்றுக் குளிர், ராத்திரியில் பனித்துளி, கிராப்கிராஸ் முளைக்கிற காலமும் முடிந்துவிட்டது. மே மாதத்தில் போடுகிற விதைக்குப் பின்னால் கோடை நிற்கிறது, இப்போது போடுகிற விதைக்கு முன்னால் இரண்டு நல்ல மாதம் இருக்கிறது.

புல்லை இரண்டு அங்குலத்துக்கு வெட்டுங்கள், இந்த ஒரு தடவை மட்டும். பிறகு மண்ணில் துளை போடுகிற ஏரேஷன் மெஷினை அரை நாள் வாடகைக்கு எடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்தால் காசும் பாதி, தூக்கி இறக்க ஆளும் கிடைக்கும், அது பாரம். மண் கொஞ்சம் ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்திருந்தால் பல் இறங்காது. ஆணி மாதிரிக் குத்துவது வேண்டாம், அது களிமண்ணை இன்னும் நெருக்கும். மண்ணைக் குழாய் குழாயாகப் பிடுங்கி வெளியே போடுகிற மெஷின் வேண்டும், விரல் நீளத்தில் மண் கட்டி புல் முழுக்கச் சிதறிக் கிடக்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும், விட்டுவிடுங்கள், மழையில் கரைந்துவிடும். உங்கள் பக்கத்துப் புது வீடுகளில் பில்டர்கள் களிமண்ணை மெஷினால் மிதித்து, மேலே நாலு விரல் நல்ல மண் போட்டு, சாட் என்கிற சுருட்டின புல்லை விரித்துவிட்டுப் போயிருப்பார்கள். வேர் கீழே இறங்க வழி இந்தத் துளைதான்.

அதன் மேல் கம்போஸ்டோ ட்ரிபிள் மிக்ஸ் என்கிற கலவை மண்ணோ கால் அங்குலம், அதற்கு மேல் வேண்டாம், இருக்கிற புல் மூச்சு முட்டும். விதை வாங்கும்போது பையின் பின்பக்கச் சீட்டை வாசியுங்கள். வெயில் படுகிற முன்பக்கத்துக்கு ப்ளூகிராஸும் ரையும் கலந்தது, பின்னால் மேப்பிள் மரத்தடிக்கு ஃபெஸ்க்யூ அதிகம் உள்ளது. 100 சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ. பாதியை வடக்குத் தெற்காகவும் பாதியைக் கிழக்கு மேற்காகவும் தூவினால் கோடு விழாது. ரேக்கின் முதுகால் லேசாகத் தடவி மண்ணோடு சேருங்கள். விதைக்கு மட்டும் தினமும் இரண்டு மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர்.

ரை 5 முதல் 10 நாளில் முளைக்கும், ஃபெஸ்க்யூ ஒன்றிரண்டு கிழமை, ப்ளூகிராஸ் மூன்று நாலு கிழமைகூட எடுக்கும். ரை பச்சையானதும் முடிந்தது என்று தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள், அப்போதுதான் முளைக்கத் தொடங்கின ப்ளூகிராஸ் செத்துவிடும். அடியில் கொடி ஓடிப் பள்ளத்தை நிரப்புவது அதுதான், ரை அப்படிப் பரவாது. பொறுமையாக ஒக்ரோபர் தொடக்கம் வரை நனையுங்கள்.

ஒன்பதாம் லைன்
அக்டோபர் 4

17ஆம் தேதி விதைத்தேன். ஒரு வாரத்தில் மயிர் மாதிரி மெல்லிசாக ரை வந்தது. நேற்று காலையில் என் மகள் பள்ளிக்குப் போகும்போது குனிந்து பார்த்து, அப்பா இங்கே இன்னொன்று வருகிறது என்றாள். ரை இதழ்களுக்கு நடுவில் ஊசி முனை அளவில் இன்னும் குட்டியாக, கரும்பச்சையாக ப்ளூகிராஸ். பத்து நாளாகத் தண்ணீர் விட அலுப்பாக இருந்தது, நல்ல வேளை நிறுத்தவில்லை.

இலை விழ ஆரம்பித்துவிட்டது, என்ன செய்ய?

பின்வளவு
அக்டோபர் 5

இளம்புல் இருக்கிற இடத்தில் இலையைக் குவிய விடாதீர்கள், மெதுவாக ஊதியோ வாரியோ எடுங்கள். பழைய புல்லின் மேல் விழுந்ததை மெஷினாலேயே பொடியாக வெட்டிவிடுங்கள், பாதிப் புல் தெரிகிற அளவு என்றால் அப்படியே விடலாம். கடைசி வெட்டு இரண்டு அங்குலம் அல்லது இரண்டரை. நீளமாக விட்டால் பனிக்கு அடியில் படுத்து, வசந்தத்தில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் வட்டமாகப் பிடித்திருக்கும், எலியும் வழி போடும்.

கடைசி உரம் ஒன்று இருக்கிறது. ஒக்ரோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில், புல் வளர்வது நின்று இன்னும் பச்சையாக இருக்கும்போது. வேர் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், அந்தச் சத்தைச் சேமித்து வைத்துப் புல் ஏப்ரலில் எழும்பும். நிலம் உறைந்த பிறகு போட்டால் பனியோடு கரைந்து வாய்க்காலுக்குத்தான் போகும். அப்படியே வெளிக் குழாயின் வால்வை உள்ளிருந்து மூடி, வெளியே திறந்து தண்ணீரை வடியவிடுங்கள்.

ஒன்பதாம் லைன்
ஏப்ரல் 10

ஒரு வருஷமாகிறது, அதனால் வந்து சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இந்தத் தடவை பாய் மாதிரி எதுவும் சுருளவில்லை. எங்கள் தெருவில் முதலில் பச்சை தெரிவது எங்கள் வீட்டில், எதிர்வீட்டுக்காரர் என்ன மருந்து என்று கேட்டார். மேப்பிள் மரத்தடியில் இன்னும் சொட்டையாகத்தான் இருக்கிறது. ஸ்கங்க் ஒரே ஒரு இடத்தில் நாலு குழி தோண்டியிருக்கிறது.

ஒரு புதுப் பிரச்சினை. கார் நிறுத்தும் பாதை ஓரமாக ஒரு அடி அகலத்துக்கு நீளமாக எரிந்த மாதிரி இருக்கிறது.

கோவைக்கிளி
ஏப்ரல் 10

உப்பு. குளிர்காலத்தில் ஐஸ் கரையப் பாதையில் போட்ட உப்பெல்லாம் வாரிக் கொட்டிய பனியோடு அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்த வருஷம் முடிந்த இடத்தில் மணல் போடுங்கள்.

பின்வளவு
ஏப்ரல் 11

நல்ல தண்ணீரை அந்த ஓரத்தில் மட்டும் நீளமாக விட்டு, நாலைந்து தடவை கழுவி இறக்குங்கள். பிறகு ஜிப்சம் தூவி இன்னொரு தடவை நனையுங்கள், களிமண்ணில் ஒட்டின சோடியத்தை அதிலிருக்கும் கால்சியம் வெளியேற்றும். இது சுண்ணாம்பு இல்லை, மண்ணைக் காரமாக்காது. அந்த ஓரத்தில் இப்போதைக்கு ரை, செப்டம்பரில் உப்பைத் தாங்கும் ஃபெஸ்க்யூ கலந்து போடலாம்.

மண்வெட்டி
ஏப்ரல் 11

ஐயா, எங்கள் வீட்டில் உப்பு இல்லை, பனி அள்ளும் வண்டி தெருவோரப் புல்லையே பாளம் பாளமாகப் பெயர்த்துப் போட்டிருக்கிறது. ஸ்காபரோதான்.

பின்வளவு
ஏப்ரல் 11

மாநகராட்சியின் 311 எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள், பதிந்து வைத்துக்கொண்டு வசந்தத்தில் வந்து மண்ணும் புல்லும் போட்டுத் தருவார்கள். போட்டுவிட்டுப் போவதோடு சரி, தண்ணீர் விட வேண்டியது நீங்கள்.

ஒன்பதாம் லைன்
ஏப்ரல் 12

ஜிப்சம் வாங்கி வந்துவிட்டேன். காலையில் போய் நடந்து பார்த்தேன், குதிகால் இன்னும் அழுந்துகிறது. அடுத்த வாரம் பார்த்துவிட்டுப் போடுகிறேன்.